மூன்று என்று சொன்னவள்

"வலியை அளக்கறேங்கறியே, தராசுல வச்சு நிறுப்பியா, இல்ல படியில போட்டு அளப்பியா?"

ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் அக்கா அவளிடம் கேட்ட கேள்வி இது. அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சிரிக்கத் தெம்பில்லை.

அவள் ஆராய்ச்சிக்கு மின்பொறியியலில் ஒரு கால், மருந்தியலில் ஒரு கால். மருந்தியல்காரர்கள் நரம்பு வலிக்குப் புது மாத்திரை கொடுப்பார்கள். இவள் நோயாளியின் தலையில் பசை தடவி, மின்முனைகளை ஒட்டி, மூளையின் அலைகளைப் பதிவு செய்வாள். வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண்ணை அவர்களே சொல்ல வேண்டும். அலையையும் எண்ணையும் சேர்த்துக் கணினியைப் பழக்கினால், பேச முடியாதவர்களின் வலியையும் அது நாளைக்குச் சொல்லிவிடும். இதை முடித்துப் பட்டத்தை வாங்கினால் போதும், ஆளை விடுங்கள் என்றிருந்தாள்.

ஆனால் கணினி மக்கர் செய்தது. மாத்திரைக்கு முந்தைய பதிவுகளைச் சமர்த்தாகப் படித்தது. பிந்தையவற்றில்தான் தகராறு. அது எட்டு என்றது. ஆள் மூன்று என்றிருந்தார்.

"உன் மெஷின் மக்குப் பிள்ளைம்மா. இன்னும் கொஞ்சம் தட்டிப் பாரு," என்றார் பேராசிரியர். "மாத்திரை கேக்குது. அதான் எல்லாரும் மூணுங்கறாங்களே!"

எல்லாரும் மூன்று. அதுதான் அவளை உறுத்தியது. ஒருவர்கூட இரண்டு என்றோ நான்கு என்றோ சொல்லவில்லை.

அன்று மதியம், மாத்திரைக்குப் பிந்தைய பதிவுக்கு அக்காவின் முறை. ஆள் கிடைக்காத காலத்தில் கால் நரம்பு வலியோடு முதலில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். தலையில் மின்முனைகளோடு, நாற்காலியின் கையைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவுக்கா?"

"மூணு."

"உக்காரவே முடியல, மூணா?"

"எழுதிக்கோடி. மூணுதான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அக்கா சுவரைப் பார்த்தாள். "வலி குறைஞ்சாத்தானே நீ பாஸ்? வெளிய காத்திட்டிருக்கறவங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாவம், என் தங்கச்சி இதுலயே கெடந்து தேயறா, மாத்திரை போட்டப்புறம் மூணுன்னு சொல்லிடுங்கன்னு. ஒண்ணுன்னா நம்ப மாட்டீங்கல்ல? அதான் மூணு."

கெட்டிக்காரிதான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தாள்.

"நெஜமா எவ்வளவுக்கா?"

"எட்டு இருக்கும்."

"மாத்திரை?"

"அது வயித்தத்தான் பெரட்டுச்சு."

அப்படியானால் மக்குப் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்கத்தான் மாத்திரைக்குப் பிந்தைய உண்மையான எண், இந்த ஒரு எட்டைத் தவிர, அவளிடம் இல்லை. மெஷினைத் தட்டி மூன்று சொல்ல வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் பேராசிரியருக்கும் சந்தோஷம், அவளுக்கும் பட்டம். வலிக்குக் கேட்காத மாத்திரையைத்தான் நோயாளிகள் விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

போனை எடுத்தாள்.

"சார், மாத்திரைக்கு அப்புறம் எடுத்ததெல்லாம் தூக்கிப் போடணும்... ஆமா சார், எல்லாந்தான்... ஜனங்க சொன்ன நம்பரே தப்பு சார்... தெரியும் சார். பட்டம் இப்போதைக்கு இல்லன்னு தெரியும். முதல்லேருந்து ஆரம்பிக்கறேன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். அக்கா மின்முனைகளை ஒவ்வொன்றாகத் தானே பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு, தலையத் துடைச்சு விடறேன்."

"உனக்காகத்தானேடி மூணுன்னேன், அதையே தூக்கிப் போட்டுட்டியே!" என்றாள் அக்கா. மேஜையை ஊன்றி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பசை காயாத தலையோடு சுவரைப் பிடித்தபடி வெளியே போனாள்.