முனியப்பனுக்கு இலைச்சுருட்டு

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கி, ஜன்னல் வழியாக தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எறிந்திருப்பேன். கம்பெனி லேப்டாப், அதனால் தப்பித்தது.

தக்காளி இலையைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ மாடல் ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தோம். பாலக்கோடு பக்கத்துத் தோட்டங்களில் கேமராக்காரர் ஆண்டி படமெடுப்பார். மாதம்மாக்கா ஒவ்வொரு படத்தையும் பார்த்து, என்ன நோய் என்று லேபிள் போடுவார். டீம் லீடர் குரு எழுதிய புரோகிராம், படங்களைக் கண்ணால் படிக்க முடியாத ஒரு பைனரி ஃபைலிலும் லேபிள்களை இன்னொன்றிலும் வரிசையாக எழுதும். பயிற்சியின்போது முதல் படத்துக்கு முதல் லேபிள், இரண்டாவதற்கு இரண்டாவது என்று படிக்கும். வரிசை பிசகினால் எல்லாம் போச்சு.

மாடல் தப்புத்தப்பாகச் சொன்னது. "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல," என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் குரு சொன்னான், கண்ணைச் சோதித்த டாக்டர் மாதிரி. மாதம்மாக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு ஃபைல்களையும் படித்து, படத்துக்குக் கீழே அதன் லேபிள் வருகிற மாதிரி செய்து பார்த்தேன். முதல் படமே வரப்பில் நிற்கும் முனியப்பன் கல். மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். கீழே நோயின் லேபிள்: இலைச்சுருட்டு.

ஆண்டிக்கு போன் போட்டேன்.

"சாமியப் படம் புடிக்காம அடுத்தவங்க தோட்டத்துல கேமராவ எப்புடிங்க தூக்கறது?" என்றார். "எந்தத் தோட்டமானாலும் மொதப் படம் சாமிதாங்க."

மாதம்மாக்கா சாமி படங்களுக்கு லேபிள் போடாமல் தாண்டியிருக்கிறார். என்ன நோய் என்று போடுவார், பாவம். லேபிள் இல்லாத படத்தை விலக்க வேண்டியது புரோகிராம். அது படத்தை மட்டும் எழுதிவிட, அடுத்த இலையின் லேபிள் சாமிக்குப் போய்விட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் லேபிள்கள் இன்னும் ஒரு படம் முன்னே நகர்ந்துகொண்டே போயிருக்கின்றன. கடைசியில் படங்கள் மிஞ்சுமே, அப்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கும் குரு ஒரு வரி எழுதிவைத்திருந்தான்: மிஞ்சுவதை வெட்டிவிடு. எரர் வந்தால் அந்தத் துரைக்குத் தூக்கம் கெட்டுவிடும்.

நேராகக் குருவிடம் போய்க் காட்டினேன்.

"சின்ன மிஸ்டேக்தான சில்வியா. சரி பண்ணிடறேன், பெருசு பண்ணாத."

"அப்ப அந்தக்கா?"

"வேற ஆள் வந்தாச்சில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முன்னாலேயே மாதம்மாக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, நீங்க போட்ட லேபிளெல்லாம் சரிதாங்க. தப்பு எங்க புரோகிராம்ல."



"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதா? கண்ணு போச்சுன்னு தையல் மெஷின வித்துப்புட்டனே சில்வியா. கையில ஊசி ஏறிடும்னு பயந்துக்கிட்டு."

போனைக் குருவின் கையில் திணித்தேன். "சொல்லுங்க, டாக்டர் குரு."



"யாரு, குரு சாருங்களா?" என்றார் அக்கா. "நீங்களே சொல்லுங்க சார். என் கண்ணு நல்லாருக்குதுங்களா?"