தோள் வலிக்கு ஒரு ஜெல்

இலக்கியா சின்னசேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கணவன் தனசேகரன் உரக்கடை வைத்திருந்தான். குழந்தை இல்லை என்பதைத் தவிர அவர்களுக்குக் குறை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

தை மாதத்தில் அவள் தாடையில் நாலைந்து முடி கறுப்பாக முளைத்தது. பிடுங்கிப் போட்டாள். மாசி முடிவதற்குள் மேலுதட்டிலும் காதோரத்திலும் வந்துவிட்டது. பார்லரில் நூல் போட்டு எடுத்தால் முதலில் பத்து நாள் தாங்கியது, பிறகு ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. தலையிலோ வகிடு அகன்றுகொண்டே போனது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், உங்களுக்கு மீச வருதா?" என்று கள்ளமில்லாமல் கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து இலக்கியா முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போனாள்.

மாமியார் ராணியம்மாள் தெருக் குழாயடியில் நின்று சொன்னாள்: "ஆம்பள மாரி மொளச்சிக்கினு வருது. இவ வயித்துல எங்க புள்ள தங்கும்?" மணலூர்பேட்டையில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனதும் இலக்கியாவின் காதில் விழுந்தது.

தனசேகரன்தான் ஆறுதல். "வுடு, அம்மா பேச்சு அப்பிடித்தான். எனக்கு நீ எப்பவும் ஒரே மாதிரிதான்" என்பான். மாதம் ஒருமுறை கடைக்குச் சரக்கு எடுக்க சேலம் போகிறவன், முடி நீக்கும் கிரீம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தான். அன்று அவள் அழுதேவிட்டாள். இப்படி ஒரு மனுஷன் வாய்த்தானே என்று.

மாலையில் அவன் கடையிலிருந்து வந்து குளித்ததும் ஒரு டியூபை எடுப்பான். உர மூட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டை வலி என்றிருந்தான். அவள்தான் அதை அவன் கையிலிருந்து வாங்கி இரண்டு தோளிலும் கையிலும் காயும்வரை தேய்த்துவிடுவாள். அன்றைய கதையெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

சித்திரையில் பள்ளி லீவு விட்டதும் கள்ளக்குறிச்சியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆம்பள ஹார்மோன் பொம்பள ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும்மா. அது ஜாஸ்தியானா மொகத்துல முடியத் தடிக்க வைக்கும், தலையில முடிய மெலிய வைக்கும். உங்களுக்கு அளவு ரொம்ப ஏறியிருக்கு. ஆனா சினைப்பையில எந்தக் கோளாறும் இல்ல. வெளியிலேர்ந்து தோல் வழியா வருதோன்னு தோணுது. வூட்ல யாராவது ஜெல் எதுனா தடவுறாங்களா?"

"அவர் தடவுறாருங்க. தோள் வலிக்கு."

"அத எடுத்துக்கினு வாங்க."

வீட்டுக்கு வந்து டியூபைப் பார்த்தாள். அதில் லேபிள் இல்லை. தேய்ந்துபோயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அவன் சேலத்துக்கு எடுத்துப்போகும் பையைத் திறந்தாள். அதே ஜெல்லின் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது, சேலம் டாக்டர் ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டும் இருந்தது. சீட்டில் போன ஐப்பசி மாதத்துத் தேதி. பெட்டியைப் பிரித்தாள். உள்ளிருந்த தாளில், பெண்களும் குழந்தைகளும் இந்த மருந்தைத் தொடக்கூடாது என்ற வரி. சீட்டின் அடியிலும் அதையே கையால் எழுதி, டாக்டர் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

தனசேகரன் வந்ததும் பெட்டியையும் சீட்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

"இது இன்னாங்க?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "எனக்கு அந்த ஹார்மோன் கம்மியாம். அசதியா இருக்குதுன்னு டெஸ்ட் எடுத்தேன்."

"தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னத் தேய்க்க வுட்டீங்க?"

"நீயாத்தான் வந்து வாங்கின. வேணாம்னா ஏன்னு கேப்ப. கொஞ்சம் பட்டா இன்னா ஆயிடப்போதுன்னு இருந்துட்டேன்."

"மொகத்துல மொளச்சப்ப?"

அவன் மருந்துச் சீட்டை எடுத்து மடித்தான்.

"அந்த கிரீம் வாங்கியாந்தப்ப? அப்பவும் தெரியும்தான?"

மெல்லத் தலையாட்டினான். இலக்கியாவுக்கு அழுகை வரவில்லை. அவன் வாங்கித் தந்ததற்காக அன்று அழுத அழுகைதான் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"அத்தகிட்ட நீங்களே சொல்லுங்க."

"அது மட்டும் வேணாம் இலக்கியா. வெக்கம்."

அவளே சொன்னாள். ராணியம்மாள் மகனைப் பார்த்தாள், மருந்துப் பெட்டியைப் பார்த்தாள். கடைசியில், "ஆனது ஆச்சி. வெளில சொல்லிடாத. ஆம்பள பேரு கெட்டுப்பூடும்" என்றாள்.

அடுத்த வாரமே பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு இலக்கியா போய்விட்டாள். டாக்டரம்மாவைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஜெல்லைத் தடவத் தடவ ஆணின் விந்து உற்பத்தி குறையும். பிள்ளை வேண்டுகிறவர்களுக்கு அதை எழுதித் தரமாட்டார்கள். அப்படியென்றால், பிள்ளைக்கு முயல்கிறோம் என்பதை அவன் சேலம் டாக்டரிடம் சொல்லவே இல்லை.

ஆறு மாதத்தில் ரத்தத்தில் அந்த ஹார்மோன் அளவு சீரானது. உச்சியில் குட்டை முடி அடர்ந்து வந்தது. உதட்டின் மேல் மெலிந்துவிட்டது. தாடையில் தடித்தவை மட்டும் போகவில்லை. ஒருமுறை தடித்தது தானாக முழுசாகப் போகாது என்று சொல்லி டாக்டரம்மா லேசர் சிகிச்சை செய்தார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தனசேகரன் பள்ளி வாசலில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான்.

"ஜெல்ல நிறுத்திட்டேன். வேற வைத்தியம் பாக்கறேன். புள்ள பொறக்குமாம். வூட்டுக்கு வா."

"உங்களுக்குக் கம்மின்னு தெரிஞ்சா நான் ஓடியா பூட்டிருப்பேன்? மலடின்னு ஊரே சொன்னதத் தாங்கினேன். கூட இதையும் தாங்கியிருப்பேன்."

"மன்னிச்சிடு."

"குழாயடில உங்கம்மா சொன்னாங்களே, அங்க போய் உண்மைய சொல்லுங்க. அப்புறம் வாங்க, பேசலாம்."

 அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மூன்று மாதம் பார்த்தாள். குழாயடியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பொங்கல் முடிந்ததும் திருக்கோவிலூரில் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் போனாள்.

"இன்னா காரணம்னு எழுதறதும்மா? அடிச்சாரா?"

"இல்லீங்க."

"வேற பொண்ணு?"

"இல்லீங்க."

வக்கீலம்மா பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். இலக்கியா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.