வேவு பார்க்க வந்த அண்ணன்

பதின்மூன்று வருஷம் இங்கிலாந்தில் கால்பந்து ஆடிப் பிழைத்தவன் மாலக்கி குவில்ட்டி. லங்காஷயரில் மூன்று கிளப்புகள் அவனை மாறி மாறி வாங்கின. டப்ளின்காரர்களும் பெல்ஃபாஸ்ட்காரர்களும் ஆளுக்கொரு அணி கட்டி 'இதுதான் அயர்லாந்து' என்று மல்லுக்கு நின்றபோது, இரண்டுக்கும் ஒவ்வொரு ஆட்டம் ஆடி இரண்டு பக்கமும் வசவு வாங்கிக்கொண்டான். இப்போது வயது முப்பத்திரண்டு. வலது முழங்கால் போய்விட்டது. சொந்த ஊரான வாட்டர்ஃபோர்டுக்கு ஆட வந்திருந்தான். ஏப்ரல் கடைசி ஞாயிறோடு அதுவும் சரி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. அண்ணன் ஃபின்டன் தன் ஆட்டத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஃபின்டன் பார்த்ததே இல்லை, பார்க்கவும் கூடாது. அவன் மாவட்ட அணியின் ஹர்லிங் வீரன். மட்டையால் ஆடும் ஹர்லிங்தான் நம் ஆட்டம், கால்பந்து இங்கிலீஷ்காரன் ஆட்டம், அதை வேடிக்கை பார்த்தாலே நீக்கம் என்பது அவர்கள் சங்கத்துச் சட்டம். பார்ப்பவர்களைப் பிடிக்கச் சங்கமே வேவுகாரர்களை மைதானத்துக்கு அனுப்பும். ஆக, நாட்டில் பயமில்லாமல் கால்பந்து பார்க்கும் ஹர்லிங்காரர்கள் அந்த வேவுகாரர்கள் மட்டுந்தான். சட்டம் போட்டவர்களின் மூளையே மூளை.

"ஒரே ஒரு தடவை வாயேன் அண்ணே," என்று மாலக்கி கெஞ்சினான்.

"அடுத்த மாசம் கார்க் மாவட்டத்தோட மேட்ச். என்னைத் தூக்கிட்டா தடுத்து ஆட யார் இருக்கா? நீ நொண்டிக்கிட்டு வருவியா?"

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கிய மாலக்கி அப்படியே நின்றுவிட்டான். வாசலருகே தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக ஃபின்டன். வழக்கமான வேவுகாரருக்கு மார்ச்சளியாம். அவருக்குப் பதிலாகப் போக இவன் தானாகவே கை தூக்கியிருக்கிறான்.

அவனைக் கண்டதும் கூட்டம் கலகலத்தது. ஹர்லிங் அணியின் கோல்கீப்பர் டோபின் பேண்டுக்காரர்களின் பெரிய முரசுக்குப் பின்னால் பதுங்கினான். அதே சங்கத்துக் கசாப்புக்கடை லாஃப்லின் மழையே இல்லாத வெயிலில் மனைவியின் குடைக்குள் புகுந்துகொண்டார்.

"என்ன ஃபின்டன், வலை வீச வந்தியா? மீனெல்லாம் குடைக்குள்ள இருக்குப்பா," என்றான் ஒருத்தன்.

பதற்றத்தில் மாலக்கி ஆறாவது நிமிஷமே காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே அடித்தான்.

"கண்ணைப் பொடணியிலயா வச்சிருக்க, கழுதை?" வாசல் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரல் அவன் தொட்டிலிலிருந்து கேட்ட குரல்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயர வந்தது. முழங்காலை மறந்து எம்பித் தலையால் இடித்தான். வலை குலுங்கியது. விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் ஃபின்டனின் தொப்பி ஆகாயத்தில், நோட்டுப் புத்தகம் தரையில்.

திங்கள் காலை, தேநீரும் பொரித்த பன்றிக்கறியும் ஆற, ஃபின்டன் சங்கத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தான்.

"பாத்தவங்க பேர் கேக்குறாங்க."

"யாரையும் பாக்கலன்னு எழுதிடு."

"அங்க ஆள் இல்லாமயா இருந்துது? பொய் எழுதச் சொல்றியா?"

"அப்ப டோபின், லாஃப்லின்னு எழுது. நானே பாத்தேன்."

"நான் பாக்கலையே. பாக்காததை எப்படி எழுதறது?"

"தொண்ணூறு நிமிஷம் நின்னியே, வேற என்னத்தப் பாத்த?"

"உன்னைத்தான்டா," என்றான் ஃபின்டன் எரிச்சலாக. பிறகு பேனாவை மையில் தோய்த்து, 'ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கூட்டத்தைக் கவனிக்கவில்லை' என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"கார்க் மேட்ச் போச்சு அண்ணே."

"போகட்டும்." ஃபின்டன் மை காய ஊதினான். "அந்தப் பந்து மேல வர்றப்ப, எங்க விழும்னு எப்படிடா தெரிஞ்சுது?"

பதின்மூன்று வருஷத்தில் அண்ணன் கால்பந்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. மாலக்கி எழுந்து, அண்ணனின் தொப்பியைப் பந்தாகச் சுருட்டி உயரே எறிந்து காட்டினான்.