பீப்பாய் வளையம்

"அந்தத் தடிப் பட்டயக் கீழ போடுங்க தம்பி," என்று சிரித்தார் மஹ்மூத் நானா. "இந்தச் சின்னச் சில்லுக்கு அத வளைக்க யானையா கொண்டாறது?"

சின்னமுத்து உடைந்த மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் கீழே வைத்தான். அவனுக்கு அகலம் வேண்டும். அக்கா மூக்காயிக்காக அவன் செய்த கைவண்டியின் சக்கரச் சில்லுகள் சோற்றுச் சட்டி அளவுதான். அவற்றின் ஒல்லிப் பட்டை, மழையில் ஊறிய மலைப்பாதையில் கத்திபோல் இறங்கிவிடுகிறது. அந்த மழைக்குத்தான் மேல்மலைக் காப்பி முழுக்கப் பூத்திருந்தது. பூ இன்றும் நாளையும்தான். அக்காவும் அப்படித்தான் என்று வைத்தியர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தூக்கிப் போகவும் வழியில்லை. தொட்டாலே அவளுக்கு மூச்சு முட்டியது. "இந்த வருசப் பூவ ஒருதடவ பாத்துட்டா போதும்டா" என்றிருந்தாள். கடல் தாண்டித் தோட்டவேலைக்கு நடந்து வந்தபோது, மன்னார்க் காட்டுவழியில் காய்ச்சலில் விழுந்த தம்பியைத் தோளில் சுமந்தே இந்த மலைக்கு வந்தவள். தனக்கென்று வேறெதையும் கேட்டதில்லை.

மஹ்மூத் அலவத்துகொடயிலிருந்து காப்பி ஏற்ற வரும் வண்டிக்காரர். தன் வண்டிக்கடியில் தொங்கிய தண்ணீர்ப் பீப்பாயைக் கழற்றி, அதன் இரும்பு வளையங்களைச் சுத்தியலால் தட்டினார். பலகைகள் விரிந்து விழுந்தன.

"ஐயோ நானா! மாட்டுக்குத் தண்ணி?"

"அல்லா ஆத்துல வெச்சிரிக்கான். இது அகலம், மெல்லிசு. சொன்ன பேச்சுக் கேக்கும். ஒங்க ராத்தாவப் பூப் பாக்கக் கூட்டிப் போங்க."

அளவுக்கு வெட்டி, முனைகளை ஆணியால் இணைத்து, பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டை சுருங்கிச் சில்லை இறுகக் கட்டிக்கொண்டது.

அக்காவைப் பாயோடு மெல்ல ஏற்றித் தள்ளினான். வண்டி இப்போது சேற்றில் புதையவில்லை. நேராகவும் போகவில்லை. பீப்பாய் வளையத்தின் ஓர் ஓரம் சற்றுச் சிறுத்திருக்கும். அவசரத்தில் இரண்டு சில்லுக்கும் அந்த ஓரத்தை இடப்பக்கமாகவே மாட்டிவிட்டார்கள். சிறுத்த பக்கமே உருண்டு, வண்டி இடப்புறக் காப்பிச் செடிகளுக்குள்ளேயே இழுத்தது. சின்னமுத்து திருப்பித் திருப்பி நேராக்கினான்.

"கோணலாப் போச்சுக்கா."

"விடுடா. வண்டிக்கு இருக்கிற புத்தி ஒனக்கில்ல."

விட்டான். பூத்த கிளைகள் அவள் கன்னத்தை உரசின. மலை எங்கே முடிகிறது, மஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. தேனீக்களின் ரீங்காரம் கனவில் கேட்பதுபோல் எங்கிருந்தோ வந்தது. மூக்காயி கைகூப்ப முயன்றாள். ஒரு கைதான் எழுந்தது. அது கிளையிலேயே தங்கியது.

"முத்து... அந்த நானாவோட மாடு தாகமாக் கெடக்கும். ஏதாச்சும் பண்ணுடா."

"சரிக்கா."

அவன் தோட்டத்துக் கதைகளைப் பேசிக்கொண்டே தள்ளினான். வெகுதூரம் வரை பேசினான். பிறகு பேச்சை நிறுத்தினான். வண்டியை மட்டும் உடனே திருப்பவில்லை.

லயத்து வீட்டு வாசலுக்கு அவன் மனைவி பாலம்மா ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், குனிந்து மூக்காயியின் திறந்திருந்த கண்களை மூடினாள். அக்கம்பக்கத்தார் மூக்காயியை உள்ளே தூக்கிச் சென்றார்கள். வெறும் வண்டி வாசலில் நின்றது. சேறு கழுவலாமென்று குடத்தோடு குனிந்த பாலம்மா அப்படியே நின்றாள். அகன்ற பட்டை முழுக்க, இரும்பே தெரியாமல், ஈர இதழ்கள் ஒட்டியிருந்தன.

சின்னமுத்து அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு, நானாவின் மாடுகள் நின்ற பக்கம் நடந்தான்.