பெரியவள் தொடாத பச்சை

தன் கையின்மேல் பெரியவளுக்கு இருந்தது கொஞ்சநஞ்ச நம்பிக்கை இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுடைய சேர்மத்தை வேறு யாரும் கலக்கக்கூடாது, வடிகட்டக்கூடாது, ஏன், கிட்டப் போய் மூச்சுவிடவும் கூடாது. "என் கை பட்டாத்தான் வரும்" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, வந்ததும் உண்மைதான். தங்க அணு ஒன்றை நடுவில் வைத்த அந்தச் சேர்மம் ஊசி ஊசியாகப் படிந்தது. இருட்டில் புற ஊதா டார்ச்சைக் காட்டினால் பச்சையாக ஒளிர்ந்தது. கட்டுரை எழுதினாள், அச்சாயிற்று, நல்ல பெயரும் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் பச்சைக்குப் பதில் மஞ்சள் ஒளிர்ந்தது. அன்றிலிருந்து தலைகீழாக நின்றாலும் மஞ்சள்தான்.

ஆய்வுக்கூடத் தலைவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பூதக்கண்ணாடி என்றுதான் மாணவர்கள் அவரைச் சொல்வார்கள்.

"முதல்ல வந்த பச்சை ஏதோ அழுக்கும்மா. வர்ற திங்கக்கிழமை கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுதிடுறேன்" என்றார்.

"அழுக்கு இல்ல சார். பச்சையும் மஞ்சளும் ஒரே பொருள்தான். அதே செங்கல், சுவர் கட்டின விதம்தான் வேற. அடுக்கு மாறினா தங்கத்துக்கும் தங்கத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் மாறும், நிறமும் மாறும்."

"அப்போ அந்தச் சுவரை இன்னொரு தரம் கட்டிக் காட்டு."

விடுவாளா? வேறொரு கட்டடத்தில் இருந்த தோழியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தாள். அங்கும் மஞ்சள். எரிச்சலில் விளக்கை அணைத்து டார்ச்சை வீசியடிக்காத குறையாகத் திருப்பியபோது, அவளுடைய கோட்டுக் கைப்பட்டியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் மின்னியது. மஞ்சள்தான் உறுதியான அடுக்கு. அதன் துகள் ஒன்று விழுந்தால் போதும், கரைசலில் இருப்பதெல்லாம் அதைப் பார்த்தே அடுக்கிக்கொள்ளும். அந்தத் துகளைப் போகிற இடமெல்லாம் சுமந்துபோய் விதைத்தவள் அவளேதான். அவமானமாக இருந்தது. ஆனாலும் தான் சொன்னது சரி என்பதில் அவளுக்கு இப்போது துளியும் சந்தேகம் இல்லை.

அவளுடைய தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், வேறோர் ஊரில் பள்ளிக்கூட வேதியியல் டீச்சர். பெரியவள் அவளுக்குப் போன் போட்டாள்.

"மூலப்பொருள் ரெண்டும் கம்பெனியில இருந்து நேரா உன் வீட்டுக்கு வரும். நான் தொட மாட்டேன். நீதான் செய்யணும்."

"யாரு, நானா? சின்ன வயசுல உன் பென்சிலைக்கூடத் தொட விட மாட்டியேக்கா."

"பழசையெல்லாம் கிளறாதடி. சொல்றதை மட்டும் செய்."

சனிக்கிழமை சின்னவளின் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. வேதியியல் அறையின் கதவுக் கண்ணாடி வழியாகப் பெரியவளும் பூதக்கண்ணாடியும் முண்டியடித்துப் பார்த்தார்கள். இருவரும் மஞ்சளைத் தொட்டவர்கள், உள்ளே போகத் தடை. வகுப்பில் பேசிய பிள்ளைகளை வெளியே நிறுத்தியதுபோல் இருந்தது. சின்னவள் திரையை இழுத்துவிட்டு, தட்டின்மேல் டார்ச்சைக் காட்டினாள்.

பச்சை. குவியல் குவியலாகப் பச்சை.

பெரியவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர் தாடையைத் தடவினார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இது வேற பொருளா இருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அதன் முனையில் மஞ்சள் துகள் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தாள்.

"அக்கா, வேண்டாம். இத்தனை நாள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கிட்டேன்" என்று சின்னவள் குறுக்கே வந்தாள். "நீ உள்ள வந்தா இந்த ரூம்லயும் இனிமே பச்சை வராது."

"தெரியும். நகரு. சார், நீங்களும் வாங்க, இனி கெட என்ன இருக்கு?"

ஊசி தொட்ட இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது. புள்ளி கோடாயிற்று. கோடு படிகத்தின் மறுமுனை வரை ஓடி, உரசிக் கிடந்த அடுத்த படிகத்துக்குத் தாவியது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முழுக்க மஞ்சளாகிவிட்டது. எதுவும் கரையவில்லை, அந்த ஒரு துகளைத் தவிர எதையும் சேர்க்கவும் இல்லை.

பூதக்கண்ணாடி வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது, "திங்கக்கிழமை எழுத வேண்டியது வேற கட்டுரை" என்றார். "இதைச் செஞ்சவங்க பேரும் அதுல வரணும்."

"தங்கச்சி பேர்தான் முதல்ல வரணும் சார்" என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான், இப்படியொரு வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. காலியாய்ப்போன பச்சைக்காக மனசு அடித்துக்கொண்டது.

சின்னவள் அறையின் மறுகோடிக்குப் போய், பூட்டிய அலமாரியைத் திறந்தாள். இறுக மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து டார்ச்சை அடித்தாள். உள்ளே பச்சை.

"கொஞ்சம் முன்னாடியே எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பெரியவள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அங்கேயே நில்லுக்கா. இது என் கை பட்டு வந்தது."

பெரியவள் நின்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.