மொட்டைமாடிக் காட்சி

முனீஸ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் பேசுவான். மற்ற நாட்களில் அவன் வாய் திறப்பது சோற்றுக்கும் கொட்டாவிக்கும்தான். கல்யாணமான புதிதில் நாகஜோதி இதைக் குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான், அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. ஆள் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் ஒதுக்கி வைப்பான். ஒதுக்கி வைத்தேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லமாட்டான்.

இரண்டு பேருக்கும் சாத்தூர்ப் பக்கம். பிழைக்க வந்த இடத்தில், பூண்டி ரோட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். அவனுக்கு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற வேலை. நூலை வாங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றித் துணியாகத் தள்ளுகிற மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடும்; அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை, கைஜாடைதான். அவள் இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை விரித்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் எடுத்துத் தனியாகப் போட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை.

ஒருமுறை சினிமாவுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வில்லன் செய்தது சரிதான் என்று முனீஸ் வாதாட ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தவன் வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. இவனுக்குள் இத்தனை பேச்சு எங்கே இருந்தது என்று அவள் திகைத்துப் போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கே நாகஜோதி முடிவு செய்துவிட்டாள். சினிமா பேசினால்தான் இந்த மனிதன் பேசுவான் என்றால், வாராவாரம் சினிமா பேசியே தீர வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் அவர்களுடைய பாட்காஸ்ட். பெயர் ‘இடைவேளைக்குப் பிறகு’. முதல் பாதியை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், படத்தின் யோக்கியதை இரண்டாம் பாதியில்தான் தெரியும் என்பது முனீஸின் கட்சி. படம் வராத வாரங்களில் டிவி சீரியலும் பாட்டுப் போட்டியும் அவள் பங்கு. சீரியலில் மருமகள் அட்டிகையோடு தூங்கி எழுவதைப் பற்றி அவள் பேசிய பேச்சைச் செக்கிங் டேபிளில் பாதிப் பேர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். நிகழ்ச்சியில் மட்டும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், நீ என்றும் சொல்லுவாள். ரேடியோக்காரர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள். போனை அணைத்துவிட்டால் மறுபடி ‘என்னங்க’தான்.

லைன் வீட்டில் பதிவு செய்ய முடியாது. ஒரு பக்கம் சிலைப் பட்டறையில் கல் அறுப்பார்கள், மறுபக்கம் குக்கர் விசில் அடிக்கும். முனீஸ் தன் முதலாளி குமாரசாமியிடம் போய் ஞாயிற்றுக்கிழமைக்குத் துணி குடோன் சாவி கேட்டான். அவர் கொடுத்துவிட்டார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை.

“ஏனுங்க முனீஸு, புருசன் பொண்டாட்டி பேசிக்கறதுக்கு எதுக்குங்க குடோனு? ஊட்டுல பேசுனா ஆகாதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்தக் குடோனுக்குள் போனால் உலகம் வெளியே நின்றுவிடும். சாயம் ஏறாத வெள்ளைத் துணி ரோல்ரோலாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தை அந்தத் துணி குடித்துவிடும். பேசினால் குரல் எங்கேயும் போய் மோதாது. பேசினவருக்குப் பக்கத்திலேயே நின்று மெல்ல அடங்கும். பஞ்சுத் தூசி ஜன்னல் வெளிச்சத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதந்துகொண்டிருக்கும். இரண்டு ரோல்களை இழுத்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாகஜோதி மற்ற ஆறு நாட்களையும் நின்று கழித்தாள்.

ஆனால் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. படத்தின் இரண்டாம் பாதியை அவள் பார்த்ததே இல்லை.

வேண்டுமென்று செய்தது இல்லை. வாரம் முழுக்க நின்ற கால்களைக் குளுகுளு தியேட்டரில் மெத்தை நாற்காலி தாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? பாப்கார்ன் தீரும்போது இமை தானாக இறங்கிவிடும். தூக்கத்திலும் படம் முழுசாக நிற்பதில்லை. திரையில் யாரையோ வெட்டுகிற சத்தம் அவள் கனவில் மழையாகப் பெய்யும். கதாநாயகி அழுதால் கனவில் ஒரு ரயில் மெதுவாகப் போகும். ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வருவார்கள், முகம் தெரியாது. விளக்குப் போட்டதும் பதறி நிமிர்வாள். அந்த நேரத்தில் முனீஸ் எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான். இந்த மனுஷனுக்கு இவ்வளவு இளகின மனசா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

குடோனில் அவன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டு, இடையிடையே தன் கனவிலிருந்து கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுவாள். அவனும் அதை மறுத்தது கிடையாது. தான் தூங்குவது தெரிந்தால் அவன் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் மற்ற கிழமைகளோடு சேர்ந்து ஊமையாகிவிடும் என்பதுதான் அவளுடைய பயம்.

போன மாதம் ஒரு அடிதடிப் படம். கதாநாயகன் லாரி டிரைவர். அதைப் பற்றிப் பேசும்போது முனீஸ் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னான்: கடைசியில் எல்லாச் சண்டையும் முடிந்து டிரைவர் வீட்டுக்கு வருவான். அவன் பெண்டாட்டி மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருப்பாள். அவனும் போய் ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்து மடிப்பான். மடித்துக்கொண்டே சொல்லுவான்.

“பகல் பூராம் எஞ்சின் சத்தம். பேசுனா எனக்கே கேக்காது. அப்படியே பழகிப்போச்சு. ஆனா நீ அடுப்படில நிக்கிறப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் பாக்கலைன்னு நெனைச்சுக்கிடாத.”

அந்தக் காட்சியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது முனீஸ் என்றாள் நாகஜோதி. பார்க்காத காட்சிதான். ஆனால் சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் படத்தில்தான் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கிற பாண்டியம்மாள் வம்புக்கு வந்தாள். அந்த மொட்டைமாடிக் காட்சிக்காகவே புருஷனை இழுத்துக்கொண்டு படத்துக்குப் போனாளாம். அப்படி ஒன்று வரவே இல்லையாம். “எங்க தியேட்டர்ல கட் பண்ணிட்டானா ஜோதி?” என்று கேட்டாள். கட் பண்ணியிருப்பார்கள் அக்கா என்று சொல்லிவிட்டு நாகஜோதி பனியனுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தான் சேர்த்துச் சொல்லி வந்த கனவு எதுவோ அவன் மனசிலும் கலந்து குழப்பிவிட்டது, மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் சரி, முழுப் படத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் இரண்டு டீ குடித்தாள். படம் ஒரு பேய்ப்படம். மலை பங்களா, கண் தெரியாத டாக்டர், அவரைத் தேடி வருகிற ஒரு பெண். இமை இறங்கும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் ஏதோ கனமாக வந்து சாய்ந்தது. பேய்தான் என்று உடம்பு தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தால் முனீஸ். வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு அலுப்பு போல என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தத் தலை புதிதாக வந்து சாயவில்லை. இடம் தெரிந்து, பழகின தோளில் வந்து விழுகிற தலை அது. கண்ணைத் துடைத்துக்கொள்வது அழுகை இல்லை, தூக்கக் கலக்கம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியானால் போன வாரம் சொன்ன இரண்டாம் பாதி? அதற்கு முந்தின வாரத்துடையது? அந்த லாரி டிரைவர்?

திரையில் பேய் அலறியது. நாகஜோதிக்கு எதுவும் காதில் விழவில்லை. லாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெஷினை வைத்துப் பார்த்தாள். தன்னுடைய அடுப்படியையும் தன்னுடைய வாசலையும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவன் தலை நழுவாமல் இருக்கத் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு படம் முடிகிற வரைக்கும் அசையாமல் இருந்தாள்.

சாயங்காலம் குடோனில் முனீஸ் தெம்பாக ஆரம்பித்தான். இடைவேளைக்குப் பிறகு படம் வேறு எங்கேயோ போய்விடுகிறது என்றான். எல்லாப் படத்துக்கும் அவன் இதைத்தான் சொல்லியிருக்கிறான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. போனை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“எனக்குக் கடைசி சீன்தான் பிடிச்சது முனீஸ். அந்தப் பொண்ணு அவன்கிட்ட சொல்லுவால்ல, நீ அன்னைக்கு மொட்டைமாடில சொன்னது எனக்குக் கேட்டுச்சுன்னு. லாரியை நிறுத்திட்டு இன்னொருக்க சொல்லுன்னு.”

ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். “இந்தப் படத்துல லாரியே கெடையாதே” என்றான்.

“நீ பாத்தியா?”

போனில் ஒலிக்கோடு படுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் கை நீண்டது, சிவப்புப் புள்ளி அணைந்தது. நாகஜோதிக்குப் பகீரென்றது. நாமே நம் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தாள். தானும் முதல் படத்திலிருந்தே தூங்குவதை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு ஒரு சிரிப்பு வந்து சட்டென்று போய்விட்டது. துணியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

“மெசின் ஓடுறப்ப நான் உன்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருப்பேன்” என்றான். “வாய்விட்டேதான் பேசுவேன். பக்கத்து மெசின்காரனுக்குக்கூடக் கேக்காது. வழியில பாத்தது, உன்மேல கோவப்பட்டது, அம்புட்டையும் சொல்லுவேன். வீட்டுக்கு வாரப்ப எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லி முடிச்சிட்ட மாதிரியே இருக்கும். நீயும் கேட்டுட்ட மாதிரிதான் இருக்கும்.”

நாகஜோதிக்குக் கண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் தன்னிடம் ஒருவன் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். தான் இல்லாத இடத்தில், யாருக்கும் கேட்காத சத்தத்துக்குள். கனவு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆளின் முகம் இப்போது தெரிந்தது. துணி அடுக்குகள் சுற்றிலும் சத்தமில்லாமல் நின்றன. தூசி அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

“நேத்து என்ன சொன்ன?” என்று கேட்டாள்.

அவன் போனைப் பார்த்தான்.

“அது ஓடலை” என்றாள். “நீ சொல்லு முனீஸ்.”

பேரைக் கேட்டு அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே தன் ரோலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைக் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.