பூட்டுப் போட்ட மூடி

ஓடினால் அது என் அண்ணனுடைய கார், நின்றால் என்னுடையது. காலை ஆறேகாலுக்கு அவன் போனில் சொன்ன முதல் வாக்கியமே "உன் வண்டி மறுபடியும் நின்னுடுச்சு" என்பதுதான். பாலத்து ஏற்றத்தில் நிற்கிறதாம். அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். ஸ்பானர் பையை ஸ்கூட்டரில் எறிந்துவிட்டுக் கிளம்பினேன். வழிநெடுக அவனைத் திட்டிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே இரைச்சலாக இருந்தது.

அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு இணைத்து நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பின்னால் அடுத்த நோயாளி காத்திருப்பார் என்பதால் தாமதமான நேரத்தைக் கழித்துக்கொள்வார்கள். கடந்த இரண்டரை மாதத்தில் மூன்று முறை வண்டி வழியில் நின்றது. ஒருநாள் இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. அன்று ராத்திரி முழுக்க அண்ணி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை லேட்டானால் ஏழு மணி இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டதற்கு, காத்திருப்பவர்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார்.

அண்ணன் குடும்பம் கீழே, நானும் என் வீட்டுக்காரரும் மாடியில். அவர் ராத்திரி முழுக்கக் கூரியர் வேன் ஓட்டிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு வருகிறவர். "அவங்கள நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்து தூங்குறேனே" என்று அண்ணனிடம் இரண்டு முறை கேட்டார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றான் அண்ணன். வாடகைக் கார் பிடி என்று நான் சொன்னால், வீட்டில் கார் இருக்கும்போது எதற்கு என்றான். வறட்டுக் கௌரவம் என்றுதான் நினைத்திருந்தேன். வெறும் கௌரவமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எனக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பதினாறு வருஷமாக நடத்துகிறேன். முதல் தடவை கார் வந்தபோது பெட்ரோல் பில்டரை மாற்றினேன். இரண்டாம் தடவை பம்பைக் கழற்றினால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்து, பெட்ரோல் பல நாளாகக் கீழே ஒழுகியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு, கிழிசலுக்குள் என் சுண்டு விரலை விட்டுக் காட்டிவிட்டுப் புது பம்பு போட்டேன். மூன்றாம் தடவை கார்புரேட்டரை முழுக்கப் பிரித்துக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்பில் அரைமணி நேரம் பிசிறில்லாமல் ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் பார்த்து நின்றது. பழைய வண்டி, கொஞ்சம் பொறு என்றதற்கு, என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்கும்போதே "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நான்கு பேரில் ஒருவர் அதற்கப்புறம் வரவேயில்லை.

பாலத்தில் அண்ணி பின் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அண்ணன் வெளியே நின்று, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான். மணி ஆறு முப்பது. ஆஸ்பத்திரி இன்னும் பத்து நிமிஷத் தூரம். நான் போய்ப் பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. பம்பு புதுசு, நானே போட்டது. டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் கட்டை விரலை வைத்தேன். பெட்ரோல் தர வேண்டிய குழாய் என் விரலை உள்ளே இழுத்தது.

டேங்குக்குள் காற்று போகவில்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மாதிரிப் பழைய கார்களில் அதற்காகவே டேங்க் மூடியில் ஒரு ஊசித் துளை இருக்கும்.

"டேங்க் மூடியத் திறக்கணும். சாவியக் குடு."

"அதுல என்ன இருக்கு? டேங்க் புல்லா இருக்கு. நேத்துதான் விளிம்பு வரைக்கும் போட்டேன்."

"சாவி."

அவன் சட்டைப் பையைத் தொட்டான். எடுக்கவில்லை. கார் சாவி வளையத்தில் அந்தச் சாவி கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியை மூன்று தடவை என்னிடம் விட்டிருக்கிறான், ஒரு தடவைகூட அதைத் தந்ததில்லை. பூட்டு வைத்த புது மூடியைப் பார்த்து முன்பே கேட்டிருக்கிறேன்; பழையது எங்கேயோ விழுந்துவிட்டது என்றான். நானும் நம்பினேன். மெக்கானிக் என்று பலகை மாட்டிக்கொண்டு, ஒரு மூடியைத் திறந்து பார்க்காமல் மூன்று தடவை வண்டியைத் திருப்பி அனுப்பிய முட்டாள் நான்தான்.

"குடுங்க," என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.

அண்ணன் நீட்டிய சாவியைப் போட்டு மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்க் தகரம் டங்கென்று எழும்பிப் பழைய நிலைக்கு வந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். வேறு ஏதோ காருக்குச் செய்தது. தடிமனான ரப்பர், நடுவில் பூட்டு, துளை எங்கும் இல்லை. ஆஸ்பத்திரி நாளில் மட்டும் ஏன் நின்றது என்பதும் விளங்கியது. சில தடவை முந்தைய நாளே விளிம்பு வரை ஊற்றிவிடுவான், அப்போது உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது, சீக்கிரம் இறுகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் பாதி டேங்கோடு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும், ஒன்றும் ஆகாது.

"இத எப்ப மாட்டுன? எதுக்கு?"

பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"மூணு மாசமாச்சு. தினமும் பெட்ரோல் கொறையுதுன்னாரு. உன் வீட்டுக்காரர் ராத்திரி வேனுக்கு எடுத்து ஊத்திக்கிறாராம். நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல."

பதினோரு வருஷமாக ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ராத்திரி முழுக்க அந்த வராந்தாவில் நின்றுகொண்டே தூங்கிய மனிதர் அவர்.

"பம்புல ஒழுகுதுன்னு நான் காட்டுனேனா இல்லையா? கிழிசலுக்குள்ள வெரல விட்டுக் காட்டுனேன். அன்னிக்கே தெரியும்ல உனக்கு, யாரும் எடுக்கலன்னு?"

"தெரியும்," என்றான்.

"அப்புறம் ஏன் இத எடுக்கல?"

"எடுத்தா ஏன்னு கேப்பீங்க."

அவ்வளவுதான் காரணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பெண்டாட்டியின் மூச்சை வைத்து மறைத்தவனை அன்றுதான் பார்த்தேன். அந்த மூடியால் அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது. நேரமில்லாததால் தப்பினான்.

குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். மூடியை இறுக்காமல் சும்மா வைத்தேன். கார் சாவியை நானே திருகினேன். ஐந்தாறு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. மணி ஆறு நாற்பத்தாறு.

"ஏறு. கெளம்பு," என்றேன் அண்ணனிடம்.

பின் கதவு திறந்தது. அண்ணி ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்தார். இறங்கவில்லை, கதவை மூடவும் இல்லை.

"மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க. நீங்களே சொல்லுங்க."

"வந்து சொல்லிக்கறேன். ஏழு மணிக்கு அங்க இருக்கணும். இடம் போயிடும்."

"போகட்டும்."

"அண்ணி, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. இத அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"மூணு மாசம் இது தெரிஞ்சும் மாப்பிள்ளை மொகத்தப் பாத்துப் பேசிட்டிருந்தேன். நானும் தப்புப் பண்ணவதான். இனிமே அப்புறம்னு சொன்னா நடக்காது."

அண்ணன் போனை எடுத்தான். எதையோ தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில் தலையைத் தூக்காமல், "நம்பர் சொல்லு," என்றான் என்னிடம். பதினோரு வருஷமாகியும் என் வீட்டுக்காரர் நம்பர் அவனிடம் இல்லை. சொன்னேன். ஒவ்வொரு எண்ணையும் கன்னத்தில் அறைவது மாதிரிச் சொன்னேன். அவன் போனைக் காதில் வைக்கப் போனான். அண்ணி கையை நீட்டி அதை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, திரும்ப அவன் உள்ளங்கையிலேயே வைத்தார்.

எட்டு முறை மணி அடித்தது. பிறகு என் வீட்டுக்காரரின் தூக்கக் குரல், "ஹலோ, யாரு?" என்றது.

அண்ணன் போனை வாய்க்கருகே கொண்டுபோனான். ஒரு லாரி எங்களைக் கடந்து போயிற்று.

"ஹலோ. யாருங்க அது, சொல்லுங்க."

அண்ணியின் கால் இன்னும் சாலையில்தான் இருந்தது. நீர் கோத்து வீங்கி, செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கி, வெடித்துவிடும் போல மினுங்கும் தோலோடு, தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.